யவனன் வீட்டு நிழல்

செம்பூத்துவிளைத் தேரியில் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த யவனன் வீட்டில் பால் காய்ச்சியவள் அன்னக்கனிதான் என்பதை அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சட்டி என்னுடையது, விறகு என்னுடையது, பால் வாங்கப் போனவள் என் கொழுந்தியாள் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு கேட்பார்களே தவிர, பொங்கின பாலை இறக்கிய கை அன்னக்கனியின் கைதான் என்பதில் கோயில்காரர்களும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களும் ஒரே பேச்சாக இருப்பார்கள். வேறு எந்த விஷயத்திலும் அந்த ஊர் அப்படி ஒரே பேச்சாக இருந்ததில்லை.

தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணல்மேடு, கடலுக்கும் ஊருக்கும் நடுவில் காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் நகர்ந்துகொண்டே கிடப்பது, காலை வெயில் ஏறிவிட்டால் அதில் வெறுங்காலோடு நடந்தவன் வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நிழல் என்று அங்கே உள்ளது பனைமரத்து நிழல் மட்டும்தான், அதில் ஒரு ஆள் நிற்கலாம், அவரும் சூரியன் நகர நகரக் கூடவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், இரண்டாவது ஆள் வந்தால் சண்டை வரும். அப்படிப்பட்ட இடத்தில்தான் ஒரு ஆடிக்காற்று மேட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு செங்கல் சுவரின் தலையைக் காட்டியது. ஆடு மேய்த்தவர் பார்த்துச் சொல்லி, சொன்னது கைமாறிக் கைமாறிப் போய், அடுத்த தை மாதம் தொல்லியல் துறையிலிருந்து கோதைநாயகி மேடம் கூடாரமும் கயிறும் ஆணியுமாக வந்து இறங்கினார்.

கும்பகோணத்துப் பக்கத்துப் பெண்மணி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆண்களுக்குச் சரியாக வெயிலில் நிற்பவர், ஒரு சாண் மண்ணை எடுப்பதற்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்பவர். மண் சுமக்க ஊர்ப் பெண்களைக் கூலிக்கு வைத்தார். அவர்களில் அன்னக்கனியும் ஒருத்தி, அவள் சிநேகிதி லில்லிபுஷ்பம் ஒருத்தி. கூடை கூடையாக மணலை எடுக்க எடுக்க முதலில் முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள் வந்தன, பிறகு சரிந்து குவிந்த கூரையோடுகள் வந்தன, அதற்கும் கீழே விரல்நகம் அளவுச் சின்னச் சின்னக் கற்களைப் பதித்து மீனும் நண்டுமாக வரைந்த தரை வந்தது, மேடம் அதன்மேல் தண்ணீர் தெளித்தபோது மீன்களுக்கெல்லாம் நிறம் வந்துவிட்டது. முத்து வாங்க மரக்கலத்தில் வந்த யவன வியாபாரி ஒருவன், திரும்பிப் போக மனமில்லாமலோ மரக்கலம் கிடைக்காமலோ, தன் ஊர் வழக்கப்படி இங்கே கட்டிக்கொண்ட பெரிய வீடு இது என்றார் மேடம். நடுவில் முற்றம், முற்றத்துக்கு நேர்மேலே கூரையில் சதுரமாக ஒரு திறப்பு, கீழே மழைத்தண்ணீர் விழுகிற தொட்டி, சுற்றிலும் அறைகள், பின்னால் அடுக்களை, பக்கத்தில் தோட்டம்.

"கற்கள் பெயர்ந்துடும், யாரும் செருப்போட உள்ள வராதீங்க" என்று மேடம் சொல்லத்தான் வந்தார். அதற்குள் பெண்கள் எல்லாரும் வாசற்கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டிருந்தார்கள். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற இடம்தான், எங்கே வேண்டுமானாலும் சுவரைத் தாண்டி உள்ளே குதித்துவிடலாம், ஆனால் ஒருத்தியும் தாண்டவில்லை, மண்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் சுற்றிப்போய் வாசல் வழியாகத்தான் போனார்கள், வாசல் வழியாகத்தான் வந்தார்கள். வீடென்றால் அப்படித்தானே.

அடுக்களையில் அடுப்பு வெளிப்பட்ட அன்றைக்கு மேடம் ஊரில் இல்லை. அடுப்புக்குள் சாம்பல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அன்னக்கனி கையில் இருந்த மண்ணைக் கீழே உதறினாள்.

"பால் காய்ச்சாத வீட்டுக்குள்ள இத்தனை நாளா புழங்கிட்டுக் கெடக்கோமே" என்றாள்.

"ஏட்டி, யவனன் அந்தக் காலத்துலயே காய்ச்சியிருப்பாம்லா" என்றாள் லில்லிபுஷ்பம்.

"அது அவன் குடிவந்தப்பக் காய்ச்சுனது. இப்பக் குடிவந்தது நாமல்லா."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் டீக்கடையிலிருந்து பால் வந்தது, சட்டி வந்தது, பனைமட்டை வந்தது. ஆனால் அன்னக்கனி சிரிக்கவில்லை. அவளுக்கு வயது நாற்பத்தாறு ஆகிறது, ஒரு வீட்டிலும் அவள் கையால் பால் பொங்கியதில்லை. கல்யாணமாகிப் போனது புருஷனின் அண்ணன் தம்பிகள் நிறைந்த கூட்டுவீடு. புருஷன் சுயம்பு பனையிலிருந்து விழுந்து செத்தபிறகு அந்தக் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லாமல் போனது, கைப்பிள்ளையோடு பெரியப்பா மகனின் மாட்டுத்தொழுவத்தில் ஒரு மூலையை ஓலையால் மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள் அங்கேயே பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு இன்னும் அங்கேயேதான் இருந்தாள். மாட்டுத்தொழுவத்தில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோவதில்லை. அதனால் அந்த அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பால் நுரைத்து மேலேறி கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தபோது, யாருடைய வீடு என்பதெல்லாம் மறந்துபோய் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஆளுக்கொரு வாய் குடித்தார்கள், மேடத்துக்கு ஒரு தம்ளரில் ஊற்றி மூடிவைத்தார்கள்.

திரும்பி வந்த மேடம் அடுப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சாம்பலைச் சோதனைக்கு அனுப்பினால் யவனன் என்ன எரித்தான், எப்போது எரித்தான் என்று தெரிந்திருக்கும், இப்போது பார்த்தால் நேற்றுப் பனைமட்டை எரித்தான் என்றுதான் வரும். "என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க, யாரைக் கேட்டுச் செஞ்சீங்க" என்று ஏசினார், ஏசிக்கொண்டிருக்கும்போதே குரல் கம்மியது. அன்னக்கனி தம்ளரை எடுத்து நீட்டினாள். வாங்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு மேடம் ஆறிப்போன பாலை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் வெயில் ஏறியபோது வீட்டுக்கு நிழல் வந்திருந்தது.

சுவர் என்னவோ முழங்கால் உயரம்தான், தூண் என்னவோ அடிக்கட்டைதான், ஆனால் மணலில் விழுந்து கிடந்தது முழு வீட்டின் நிழல், ஆளுயரத்துக்கு மேலே போகிற சுவர்களும், சுவர்மேல் சாய்ந்திறங்கும் கூரையும், கூரையின் விளிம்பில் ஓட்டு வரிசையின் வளைவு வளைவான ஓரமும், நடுவில் முற்றத்து அளவுக்கு ஒரு சதுர வெயிலுமாக. உள்ளே போய் நின்று மேலே பார்த்தால் வெறும் ஆகாயம், பருந்து சுற்றுவது தெரியும், சூரியன் நேருக்கு நேராக முகத்தைப் பார்க்கும், ஆனாலும் சுடாது, தரை குளுகுளுவென்று இருக்கும். லில்லிபுஷ்பம் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பால் காய்ச்சுனோம்லா, வீடு நம்மள ஏத்துக்கிட்டுது" என்றாள்.

மேடம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கூரையின் நிழலை ஓரம் ஓரமாக அளக்க ஆரம்பித்தார், அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை. "எந்த ஊர்ல தோண்டினாலும் தரை கிடைக்கும், சுவர் கொஞ்சம் கிடைக்கும், கூரை மட்டும் கிடைக்கவே கிடைக்காதும்மா, அதை நாங்க மனசால போட்டுக்குவோம்" என்று அன்னக்கனியிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். எந்த மரத்து நிழல் என்று கேட்டுப் பதில் வந்தது. அப்புறம் மேலதிகாரியே வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், மீன்தரையில் உட்கார்ந்து பதநீர் குடித்தார், மேலே பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

ஊர் அதை ஊர்போலவே எடுத்துக்கொண்டது. முதலில் ஆடுகள் வந்தன, ஆடுகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள், உப்பளத்து வேலை முடிந்து கண் எரிச்சலோடு திரும்புகிறவர்கள் வந்து படுத்தார்கள், சீட்டு விளையாடுகிறவர்கள் தெற்கு அறையைப் பிடித்துக்கொண்டார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் தூணின் நிழலில் சாய்ந்து படித்தார்கள், சாய முடியாது என்பது சாய்ந்த பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும், ஆனாலும் யாரும் விழுந்ததில்லை. கோயில்காரர்கள் இது அம்மன் செயல் என்றார்கள், வேதக்காரர்கள் ஆண்டவர் கொடுத்த நிழல் என்றார்கள், இரண்டு கட்சியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே அறையில் ஒன்றாகக் குறட்டை விட்டார்கள். பங்குனி வெயிலில் தோட்டத்துப் பக்கம் ஒரு மரத்தின் நிழலும் எழுந்தது. மெல்லிய நீளமான இலைகள், அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்தறியாத மரம், காற்றடித்தால் இலை நிழலெல்லாம் சலசலவென்று அசையும், சத்தம் மட்டும் வராது. அந்த மரத்தின் நிழலில் சின்னச் சின்னக் காய்களின் நிழல் விழுவதைப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கி வெறுங்கையை மூடிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

உள்ளே வருவதற்கு ஒரு முறை தானாக ஏற்பட்டது. வாசல் வழியாகத்தான் வர வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், அன்னக்கனி கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். "வீட்டுக்காரி, உள்ள வரலாமா?" என்று முதலில் கிண்டலாகத்தான் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுக் கிண்டல் தேய்ந்துபோய் மரியாதை ஆகிவிட்டது. அன்னக்கனியும் முதலில் வெட்கப்பட்டாள், பிறகு "வாங்க, உக்காருங்க" என்று சொல்லப் பழகினாள். வாழ்நாளில் அதற்குமுன் அவள் யாரையும் அப்படி ஒரு வாசலில் நின்று அழைத்ததில்லை, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவள் வேலை இல்லாத நாளிலும் அங்கே போய் நின்றாள்.

மகள் செல்வக்கனிக்குத் தலைப்பிரசவம் அந்த வருஷம்தான் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளைக் கூப்பிடப் போன அன்னக்கனியிடம் சம்பந்தி பொன்னுத்தங்கம், ரெண்டு மாடிக் காங்கிரீட் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "தாய்வீடு இருந்தா கூட்டிட்டுப் போங்க மைனி. மாட்டுத்தொழுவத்துல என் பேரப்பிள்ளை பிறக்கணும்னு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டாள். உள்ளே செல்வக்கனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டதெல்லாம் வலி எடுக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

"வீடு இருக்கு" என்றாள் அன்னக்கனி.

"எந்த வீடு?"

"நான் பால் காய்ச்சுன வீடு. வந்து பாருங்க."

பொன்னுத்தங்கம் வந்தாள். பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. வாசற்கல் இருக்கிற பக்கமே போகாமல், மேற்குச் சுவரை ஒரே எட்டாகத் தாண்டி, செருப்புக் காலோடு உள்ளே இறங்கினாள். அங்கே படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். "செருப்பைக் கழத்திட்டு வாங்க மைனி" என்றாள் அன்னக்கனி. "கழத்துறதுக்கு இது வீடா?" என்றாள் பொன்னுத்தங்கம். அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வதைத்தான் அங்கேயும் செய்தாள், அடுக்களை மூலை சரியில்லை, வாசல் தெற்கே பார்க்கிறது, முற்றம் ரொம்பப் பெரிசு, பெருக்கி மாளாது என்று வரிசையாகக் குறை சொன்னாள், இல்லாத கூரையைப் பார்த்து ஒட்டடை அடிக்க எட்டாது என்றாள். குறை சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், தேரிக் காற்றும் அந்தக் குளிர்ச்சியும் சேர்ந்து கண்ணை அமட்ட, சொல்லிக்கொண்டிருந்த குறையின் பாதியிலேயே தூங்கிப்போனாள். வெயில் சாய்ந்த பிறகு கண் விழித்துத் தலையை முடிந்துகொண்டாள்.

"வெயிலுக்குச் சரிதான். மேகம் மூடிச்சுன்னா நிழல் ஏது? நிழல் இல்லாட்டி உங்க வீடு எங்க போவும் மைனி?"

அன்னக்கனி கடல் பக்கத்து வானத்தைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போங்க. முதல் மழை விழுந்த அன்னைக்கு நான் வந்து என் மருமவளைக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் தாய்வீடு, அது இதுன்னு என் வாசல்ல வந்து நிக்கப்பிடாது."

செல்வக்கனி வந்தாள். ராத்திரிக்குத் தொழுவத்து மூலை, பகலெல்லாம் யவனன் வீட்டின் முற்றத்தை ஒட்டிய அறை. கயிற்றுக்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தரையில் இருக்கிற மீன்களை வயிற்றுப்பிள்ளைக்கு எண்ணிக் காட்டுவாள். சதுர வெயில் முற்றத்தில் மெதுவாக நகர்ந்து அவள் பாதத்தைத் தொடும்போது அன்னக்கனி கட்டிலைக் கொஞ்சம் இழுத்துப் போடுவாள். மகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு, இழுத்துப் போட்ட கட்டிலை இன்னொரு தரம் சரிபண்ணுவாள்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மழைக்கு முன்னால் குழியை மூட வேண்டும். "திறந்து கிடந்தா ஒரே மழையில சுவர் கரைஞ்சிடும், தரைக் கல்லெல்லாம் பெயர்ந்துடும். இத்தனை காலம் இதைக் காப்பாத்தினது இந்த மணல்தாம்மா. திரும்ப மணலைப் போட்டாத்தான் பிழைக்கும்" என்றார். சொல்லும்போது அவர் அன்னக்கனியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளை பிறக்கிற வரைக்கும் பொறுங்க மேடம்."

"வானம் பொறுக்கணுமே."

மேடம் பொறுத்தார். மேலிடத்துக்கு ஒவ்வொரு சாக்காகச் சொன்னார், மணல் லாரி வரவில்லை என்றார், அளவு பாக்கி என்றார். பெண்களும் பொறுத்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேறொரு சங்கடம் இருந்தது. மணலைத் தோண்டி எடுப்பது வேலை. ஆனால் ஒரு வீட்டுக்குள் மண்ணை அள்ளிப் போடுவது வேலை இல்லை, சாபம். குடி கெடட்டும் என்றுதான் ஒருத்தி இன்னொருத்தி வீட்டைப் பார்த்து மண்ணை வாரி இறைப்பாள். அதுவும் உள்ளே வயிற்றுப்பிள்ளைக்காரி படுத்திருக்கிற வீட்டில். "எங்க கையால அதைச் செய்ய மாட்டோம் மேடம்" என்று லில்லிபுஷ்பம் எல்லாருக்குமாகச் சொல்லிவிட்டாள்.

ஐப்பசி பிறந்து ஒரு மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. சாம்பல் நிறத்தில் ஆரம்பித்து, கறுத்து, தேரியின் சிவப்பெல்லாம் மங்கிப் பழுப்பானது. முற்றத்துச் சதுர வெயில் முதலில் அணைந்தது, பிறகு ஓட்டு விளிம்பின் வளைவுகள் கலைந்தன, தூண் நிழல்கள் தரையோடு தரையாகின, கண்ணெதிரே ஒரு வீடு இல்லாமல் போனது. முழங்கால் உயரச் சுவர்களுக்கு நடுவில் வெட்டவெளியில் ஒரு கட்டில் கிடந்தது, கட்டிலில் செல்வக்கனி எழுந்து உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வலி விட்டுவிட்டு வருகிற வலியாக இல்லை. மேடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், மேற்கே மழை முந்திக்கொண்டதால் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது, வண்டி அந்தக் கரையில் நிற்கிறது என்றார்கள். ஊரில் இருந்த நர்ஸ்தான் பையைத் தூக்கிக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தாள். தொழுவத்துக்குத் தூக்கிப் போகலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. பெண்கள் சேலையை விரித்துப் பிடித்தார்கள், மேடம் கூடாரத் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்தார், முதல் துளி தேரியில் விழுந்து மண்வாசனை எழுந்தது. அன்னக்கனி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கமாகத் திரும்பி, அந்த அடுப்பைப் பார்த்து, "உன்னை நம்பித்தான் கூட்டியாந்தேன்" என்றாள். வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மழை வந்தது. தேரியின்மேல் விழுந்தது, பனைகளின்மேல் விழுந்தது, வாசற்கல்லுக்கு வெளியே வரிசையாகக் கிடந்த செருப்புகளின்மேல் விழுந்து அவற்றை நனைத்தது. வீட்டுக்குள் விழவில்லை. இல்லாத கூரையின்மேல் அது விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஓட்டின்மேல் மழை விழுந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி, முதலில் ஒன்றிரண்டாக, பிறகு பேச்சுக் கேட்காத அளவுக்கு. நாலு பக்கமும் விளிம்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து கோடு போட்டது மாதிரி நீர் வரிசையாக இறங்கியது. முற்றத்தில், கூரை திறந்திருந்த அந்தச் சதுரத்தில் மட்டும், மழை நேராக உள்ளே வந்து தொட்டியில் விழுந்தது. எத்தனையோ நூற்றாண்டாகக் காய்ந்து கிடந்த தொட்டி நிறைந்தது, நிறைந்து வழிந்தது, வழிந்த நீர் யவனன் பதித்த சுட்டமண் குழாயைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடியது. சேலையை விரித்துப் பிடித்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை இறக்கினார்கள். மேடம் கூடாரத் துணியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தின் ஓரத்தில் போய் நின்றார், கையை நீட்டி விளிம்பிலிருந்து இறங்குகிற நீரைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மழைச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளை அழுதது.

பெண்பிள்ளை. நர்ஸ் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டாள்.

ஓடை வடிய நாளானது. பொன்னுத்தங்கத்துக்கு ஆள்மூலம் செய்தி போனது, மழையில் பிறந்தது, ஒரு துளி நனையவில்லை என்று. கேட்டவள், "கதை கட்டுறதுக்கு உங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா" என்றாளாம். பிள்ளையைப் பார்க்கவும் வரவில்லை.

ஒரு மழைக்குத் தாங்கியது, வருகிற மழைக்கெல்லாம் தாங்கும் என்று யாரும் மேடத்திடம் வாதாடவில்லை. மழை ஓய்ந்ததும் வெளிச்சுவரில் ஒரு வரி செங்கல் கரைந்திருப்பதை அன்னக்கனிதான் முதலில் பார்த்தாள். பிள்ளைக்காரியை உள்ளே வைத்துக்கொண்டு வீடு தன் மேல் மழையை வாங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தீட்டுக் கழிந்து, பெயர் வைத்து, மகளையும் பேத்தியையும் தொழுவத்துக்குக் கூட்டிப்போன மறுநாள் அவளே வந்து வாசலில் நின்றாள். மணல் குவிந்திருந்தது, பெண்கள் கூடையைத் தொடாமல் நின்றார்கள்.

"மண்ணைப் போட வேண்டாம். போர்த்துவோம்" என்றாள் அன்னக்கனி.

அது எல்லாருக்கும் புரிந்தது. மணலைச் சலித்தார்கள். கூடையைக் கவிழ்க்காமல், கைகையாக அள்ளி, தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல மீன்களின்மேல் பரப்பினார்கள், அடுப்பின்மேல் பரப்பினார்கள், தொட்டியில் நிரப்பினார்கள். மேடமும் முழங்காலிட்டுப் பரப்பினார். கடைசியாக வாசற்கல் மறைந்தபோது அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். மேகம் மூடியே இருந்ததால் நிழல் போனதை யாரும் பார்க்கவில்லை. கார்த்திகை கடைசியில் வெயில் திரும்பிய அன்றைக்கு ஊரே தேரிக்கு ஓடியது. சிவந்த மணல்மேல் வெறும் வெயில் கிடந்தது. வீட்டுக்காரி என்று அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள், ஆனால் அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் அன்னக்கனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம். இனியும் வைத்துக்கொள்ள வழக்கம் இல்லை. பச்சை உடம்பில் வெயில் படக்கூடாதென்று தொழுவத்துக்கு வந்த நாளிலிருந்து மூலையை விட்டு வெளியே எடுக்காத பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளோடு பஸ் ஏறிச் சம்பந்தி ஊரில் இறங்கினாள் அன்னக்கனி. உச்சிவெயில். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நீளமான தார்ச்சாலை, ஒரு மரம் இல்லை. பிள்ளை முகத்துக்கு முந்தானையை இழுத்துப் பிடித்தபடி நடந்தாள். எங்கே பிறந்தாள் என்று பொன்னுத்தங்கம் கேட்டால் என்ன சொல்வது, மண்ணுக்குள் இருக்கிற வீட்டில் என்றா சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தவளுக்கு, கொஞ்ச தூரம் போனபிறகுதான் முதுகு சுடவில்லை என்று உறைத்தது.

கீழே பார்த்தாள். சாலையில் அவள் நிழல் இல்லை, மகளின் நிழல் இல்லை. அகலமாக, சாலைக்கு இரண்டு பக்கமும் வழிந்து, ஓரத்தில் ஓட்டு வரிசையின் வளைவு வளைவான விளிம்போடு, பெரிய வீடொன்றின் நிழல் கூடவே வந்துகொண்டிருந்தது. பிள்ளையோடு அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. பிள்ளை துணிக்குள்ளிருந்து கையை நீட்டியது, சதுரமாக ஒரு துண்டு வெயில் முன்னால் சாலையில் கிடந்தது.

"அம்மா" என்றாள் செல்வக்கனி.

அன்னக்கனி குனிந்து, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். செல்வக்கனியும் கழற்றினாள். தார்ச்சாலை மீன்தரையைப் போலக் குளிர்ந்திருந்தது. இரண்டு பேரும் வெறுங்காலோடு நடந்தார்கள், எதிரே சைக்கிளில் வந்தவர் நிழலுக்குள் நுழைந்ததும் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்.

பொன்னுத்தங்கம் வாசலில்தான் நின்றிருந்தாள். சொல்வதற்கு வார்த்தைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. நிழல் முதலில் அவள் வீட்டுக் கேட்டைத் தொட்டது, முற்றத்தில் ஏறியது, துளசி மாடத்தை மூடியது, அவள் காலை மூடியது, ரெண்டு மாடிக் காங்கிரீட் வீட்டின் சுவரில் ஓட்டு விளிம்பு மெதுவாக மேலேறியது. அவள் அண்ணாந்து பார்த்தாள், வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அந்தக் குளிர்ச்சியை அவள் உடம்பு ஏற்கெனவே ஒரு நாள் மத்தியானம் அறிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்தாள், அன்னக்கனியின் கையில் தொங்குகிற செருப்பைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

பிறகு தன் வீட்டு முற்றத்தில், தன் வாசலுக்கு முன்னால், பொன்னுத்தங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"வாங்க மைனி, உள்ள வாங்க" என்றாள் அன்னக்கனி.